எலியின் நுரையீரலும் நம் நுரையீரலும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற ஞாயிறு கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் கூட்டத்தில் சங்கம் கடந்துவந்த பாதையைப் பற்றிப் பேசுவதே முறை. அதனைப் பேச நம்மினும் தகுதி வாய்ந்த மூத்தோர் இங்கே அமர்ந்துள்ளனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். நுரையீரலில் தழும்பு விழும் நோயை அறிவியலார் விலங்குகளின் உடலில் உண்டாக்கி ஆராய்கின்றனர் அல்லவா, அந்த ஆராய்ச்சியைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். வரலாறு படித்த தலைமையாசிரியருக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில வாரங்களுக்கு முன்பு, நம் ஞாயிறு வகுப்பில் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பின்னும் போகாமல் நின்றாள். அவளுடைய தகப்பனார் பல ஆண்டுகள் கல் அரைக்கும் கிரஷரில் வேலை செய்தவர். இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர் நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றும், விழுந்த தழும்பை அகற்ற மருந்தில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தன் பாடநூலுக்கு அப்பாலும் தேடிப் படிப்பவள். "சார், இந்த நோயை எலிக்கு வரவழைத்துப் பார்க்கிறார்களாமே. இத்தனை எலிகளைக் கொன்று என்ன கண்டுபிடித்தார்கள்? கண்டுபிடித்திருந்தால் எங்கள் அப்பாவுக்கு ஏன் மருந்தில்லை?" என்று கேட்டாள். அன்றைக்கு நம்மிடம் விடை இல்லை. அடுத்த வாரம் சொல்கிறோம் என்றோம். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. நூலகத்திலும், நம் பள்ளி அறிவியல் ஆசிரியரிடத்திலும், தெரிந்த மருத்துவர் ஒருவரிடத்திலும் கேட்டறிந்தவற்றையே இங்கு சொல்கிறோம். அவளும் இந்த அவையில்தான் இருக்கிறாள்.

முதலில் தழும்பு என்பது எதனால் ஆனது என்று பார்ப்போம். இதை விளக்க நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. பேகம்பூர்ப் பக்கம் போனால் போதும்.

நம் திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளை இங்குள்ள முதியோர் அறிவர். அங்கு உழைத்தவர்களின் வாழ்வை வைத்து நம் ஊரில் வாழ்ந்த வழக்கறிஞர் டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' என்னும் புதினம் 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. எம் தகப்பனாரும் அத்தகைய ஷாப்பு ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவரே. பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் நீக்கி, உட்புறச் சவ்வையும் கொழுப்பையும் சீவி எடுத்து, பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாட்கணக்கில் போட்டு வைப்பர். சுண்ணாம்பு அரித்த விரல்களோடு அவர் சோற்றைப் பிசைந்தது இன்றும் எம் கண்ணில் நிற்கிறது. மயிரும் சவ்வும் கொழுப்பும் போன பின் எஞ்சி நிற்கும் வெள்ளைப் பொருள் எது? அதற்குப் பெயர் கொலாஜன். நார்நாராக இருக்கும் ஒரு புரதம் அது. பட்டையின் துவர்ப்புச் சத்து அந்த நார்களைப் பற்றிப் பிணைத்து, அழுகாமல் நிறுத்துகிறது. அவ்வாறு பிணைக்கப்பட்டதையே நாம் பதனிட்ட தோல் என்கிறோம்.

நுரையீரலில் விழும் தழும்பும் இதே கொலாஜன்தான். நல்ல நுரையீரல் கடற்பஞ்சு போன்றது. அதில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. மூச்சுக்காற்றிலுள்ள பிராணவாயு அந்தச் சுவரைக் கடந்தே குருதியில் கலக்கிறது. காயம் பட்டால் அதை ஆற்ற உடல் கொலாஜன் நாரை நெய்கிறது. கையில் பட்ட வெட்டு ஆறுவதும் இம்முறையில்தான். நுரையீரலில் காயம் ஓயாமல் பட்டுக்கொண்டே இருந்தால், நெய்யும் வேலையும் ஓயாது. மெல்லிய சுவர் தடித்து, விறைத்து, காற்று புகாத இடமாகிறது. பஞ்சாக இருந்தது தோலாகிறது என்று எளிமையாகச் சொல்லலாம். ஆங்கில மருத்துவர் இதனை ஃபைப்ரோசிஸ் என்பர்.

இந்தக் கொலாஜனின் உருவமைப்பை உலகுக்குக் காட்டியவர் சென்னையிலிருந்த அறிவியலார் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. 1952ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால் என்னும் அறிவியலார், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்காமலிருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனிடம் எடுத்துச் சொன்னார். ஆராய்ச்சிக்குத் தூய கொலாஜன் வேண்டும். அடையாற்றில், பல்கலைக்கழகத்தின் அண்டை வீடு போல, 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954லும் 1955லும் வெளியிட்ட முடிவு, கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு என்பதாகும். முப்புரி என்றால் நம் நாட்டில் வேறொன்று நினைவுக்கு வரும். ஆனால் இந்த முப்புரி ஆட்டுத்தோலிலும் உண்டு, அதைச் சீவியவர் தோலிலும் உண்டு, அவரைத் தொடாமல் ஒதுங்கிப் போனவர் தோலிலும் உண்டு.

தோலை ஆராய்வதற்கென்று ஏற்பட்ட நிலையத்தில் கொலாஜனை அளக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எனவே அவர்களில் சிலர் தோலிலிருந்து தழும்புக்கு வந்தது இயல்பே. நுரையீரல் தழும்பைப் பற்றி நம் தமிழ்நாட்டில் விலங்குகளைக் கொண்டு நடந்த குறிப்பிடத்தக்க ஆராய்ச்சி ஒன்று அந்தத் தோல் நிலையத்திலேயே நடந்தது. அதைச் சொல்வதற்கு முன், விலங்கு எதற்கு என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

தழும்பு நோயாளி மருத்துவரிடம் வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். காயம் பட்ட முதல் நாள் உள்ளே என்ன நடந்தது, மூன்றாம் நாள் என்ன, பதினான்காம் நாள் என்ன என்று எவரும் பார்த்ததில்லை. உயிரோடிருப்பவரின் நுரையீரலை வாரந்தோறும் வெட்டிப் பார்க்க முடியுமா? நமக்குக் கிடைப்பது கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே. எலியின் உடலிலோ முதல் நாளை நாமே குறிக்கலாம்.

அதற்கு ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. 1960களில் ஜப்பானைச் சேர்ந்த ஹமாவோ உமேசாவா என்பவர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிளியோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். புற்றுநோய்க்கு நல்ல மருந்து. ஆனால் அதனைப் பெற்ற நோயாளிகள் சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழுந்தது. மனிதருக்குத் தழும்பை உண்டாக்கும் பொருள் எலிக்கும் உண்டாக்கும் என்று 1970களில் ஆராய்ச்சியாளர் கண்டுகொண்டனர். எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்குழலில் ஒரே ஒரு முறை அம்மருந்தைச் செலுத்தினால் போதும். முதல் வாரத்தில் அழற்சி உண்டாகும். இரண்டாம் வாரத்தில் நார் நெய்யப்படும். மூன்று, நான்கு வாரத்தில் தழும்பு கண்ணுக்குத் தெரியும். மனிதரிடம் ஆண்டுக்கணக்கில் நடப்பது எலியிடம் ஒரு மாதத்தில் நடந்துவிடுகிறது. மருந்தின் தீமை ஆராய்ச்சியாளருக்குக் கருவியான கதை இது.

நம் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் (நம் சங்கம் தோன்றிய காலமும் ஏறத்தாழ அதுவே) புனிதவதி, வெங்கடேசன், பாபு ஆகிய மூவர் ஒரு கட்டுரையை பிரிட்டிஷ் மருந்தியல் இதழில் வெளியிட்டனர். எலிகளுக்குப் பிளியோமைசின் கொடுத்தனர். ஒரு பகுதி எலிகளுக்கு மட்டும் மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் சத்தை வாய்வழி கொடுத்தனர். அளவு, எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 300 மில்லிகிராம். பிளியோமைசின் கொடுப்பதற்குப் 10 நாள் முன்பே தொடங்கி, பின்னரும் நாள்தோறும் கொடுத்து வந்தனர். தழும்பை அளந்த விதம் கவனிக்கத்தக்கது. ஹைட்ராக்ஸிபுரோலின் என்னும் பொருள் உடலில் பெரும்பாலும் கொலாஜனில் மட்டுமே மிகுதியாக இருக்கும். அது எவ்வளவு என்று கண்டால் கொலாஜன் எவ்வளவு என்று கண்டுவிடலாம். தோலில் கொலாஜன் எவ்வளவு என்று காணத் தோல் வேதியியலாரும் கையாளும் அளவுகோல்! குர்குமின் பெற்ற எலிகளின் நுரையீரலில் அழற்சியும் குறைந்தது, கொலாஜனும் குறைந்தது. பின்னர் 2003இல் அமியோடரோன் என்னும் இதய மருந்தால் உண்டாகும் தழும்பிலும் இவ்வாறே கண்டனர்.

இதைக் கேட்டவுடன் தாய்மார்கள் முகத்தில் ஒரு மலர்ச்சியைக் காண்கிறோம். மஞ்சள் நம் வீட்டிலேயே இருக்கிறதே, இரவில் பாலில் கலந்து கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அந்த மாணவியும் அதைத்தான் கேட்டாள். கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். நீங்களும் மனத்தில் போட்டுப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள மனிதருக்கு, கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்றால், நாளொன்றுக்கு 15 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கே உண்டு. அப்படியானால் நாள்தோறும் அரைக்கிலோ மஞ்சள் தூள் உண்ண வேண்டும்! எலிக்குரிய அளவை மனிதருக்கு அப்படியே பெருக்கக்கூடாது, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று மருந்தியலார் சொல்வர். குறைத்தாலும் 80 கிராம் ஆகிறது. அன்றியும் குர்குமின் குடலிலிருந்து குருதிக்கு எளிதில் ஏறுவதில்லை.

இவற்றைவிடப் பெரிய தடை இன்னொன்று. அந்த எலிகளுக்குக் காயம் படுவதற்குப் 10 நாள் முன்பே மருந்து கொடுக்கப்பட்டது. நம் மாணவியின் தகப்பனார் காயம் பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்திருக்கிறார். வீடு தீப்பிடிக்குமுன் கூரையை நனைத்து வைப்பதும், எரிந்த பின் சாம்பலில் நீர் ஊற்றுவதும் ஒரே வேலையா? இதை நாம் அந்த மூவரின் குறையாகச் சொல்லவில்லை. உலகெங்கும் இத்துறையில் நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை மருந்தை முன்கூட்டியோ உடனுக்குடனோ கொடுத்தவையே. அதனால்தான், சுண்டெலிகளில் செய்யும் பிளியோமைசின் ஆராய்ச்சியே இருப்பவற்றுள் நன்கு அறியப்பட்டது என்று 2017இல் ஏற்றுக்கொண்ட அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கத்தாரும், அழற்சி தணிந்து தழும்பு தோன்றும் கட்டத்திலேயே மருந்தைச் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினர்.

எலி சொன்னது மனிதரிடம் பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. 1995இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சியில், வெள்ளெலியைப் போன்ற ஹாம்ஸ்டர் என்னும் விலங்கின் நுரையீரல் தழும்பைப் பிர்ஃபெனிடோன் என்னும் மருந்து குறைத்தது. அது படிப்படியாக மனிதரிடம் சோதிக்கப்பட்டு, 2008இல் ஜப்பானிலும் 2014இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்று, நம் நாட்டிலும் விற்கப்படுகிறது. காரணம் தெரியாமல் பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தாக்கும் ஒருவகைத் தழும்பு நோய்க்கு அதனைக் கொடுக்கின்றனர். அந்நோய் கண்டவர் மருந்தின்றிப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளே வாழ்ந்துவந்தனர். பிர்ஃபெனிடோன் தழும்பைத் துடைத்துவிடுவதில்லை. அது பரவும் வேகத்தைக் குறைக்கிறது. அதே 1990களில் இன்டர்ஃபெரான் காமா என்னும் மற்றொரு மருந்தும் சுண்டெலிகளில் தழும்பைக் குறைத்தது. 800க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதனைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டபோது, அதனால் எவர் ஆயுளும் நீளவில்லை என்று தெரிந்தது. எலியிடம் இரண்டும் தேறியிருந்தன. பரீட்சை எழுதிய இரு மாணவரும் ஒரே மதிப்பெண் பெற்று, வேலைக்குப் போன பின் ஒருவன் மட்டும் நிலைத்தது போல் ஆயிற்று.

ஏன் இவ்வாறு? பிளியோமைசின் கொடுத்த இளஞ்சுண்டெலியின் தழும்பு பல வாரங்கள் சென்றால் தானாகவே ஓரளவு கரையத் தொடங்குகிறது. மனிதரின் தழும்போ நாளுக்கு நாள் கூடுகிறது. ஆராய்ச்சிக் கூட எலி வயதில் இளையது, சுத்தமான கூண்டில் வளர்ந்தது, வேளைக்குத் தீனி தின்றது, பீடி குடியாதது. நம் மனிதரைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியுமா?

எலியை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குச் சென்னையிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. அது தழும்பு நோயன்று, காசநோய். ஆனால் ஆறிய பின்னும் நுரையீரலில் தழும்பை விட்டுச்செல்வதால் உறவான நோயே. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையத்தின் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை ஆங்கிலேய நோயாளிகளின் கிருமிகளோடு ஒப்பிட்டு, கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். 1960இல் வெளியான அதன் முடிவு, தென்னிந்தியக் கிருமிகள் கினிப்பன்றிக்கு விளைத்த கேடு குறைவு என்பதாகும். கினிப்பன்றிக்கு மென்மையாயிருந்த அதே கிருமி நம் சேரிகளில் குடும்பம் குடும்பமாக மனிதரைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குக் கினிப்பன்றி என்ன செய்யும்? கேட்ட கேள்விக்கு அது விடை சொல்லிற்று. நம் கேள்வி வேறாக இருந்தது.

இனி, நம் மாணவியின் தகப்பனாருக்கு வந்த நோய்க்கு வருவோம். இங்குதான் நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம்.

நம் மாவட்டத்துச் சமவெளியில் எங்கு நோக்கினும் பாறையும் கரடும் உண்டு. கல் உடைத்துப் பிழைப்பவர் நம்மில் பலர். நாம் கருங்கல் என்று சொல்லும் பாறைகளில் குவார்ட்ஸ் என்னும் பொருள் கலந்திருக்கிறது. வயல்வரப்பில் வெள்ளையாய்க் கிடக்கும் வெங்கச்சங்கல் பெரும்பாலும் குவார்ட்ஸே. அது சிலிக்காவின் படிகம். துளையிடும்போதும் ஜல்லியாக அரைக்கும்போதும் அது தூளாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசியே கொடியது. ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கி அதில் சில பங்கே அளவுள்ள துகள் நுண்ணறை வரை சென்றுவிடும். அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கு அணுக்கள் அதனை விழுங்குகின்றன. கிருமியானால் செரித்துவிடும். கல்லை எப்படிச் செரிப்பது? விழுங்கிய அணு மடிகிறது. உள்ளிருந்த கல் வெளியே வருகிறது. அடுத்த அணு வந்து அதையே விழுங்கி மடிகிறது. இந்தச் சண்டை ஓயாது, ஓயாத சண்டையைச் சுற்றித் தழும்பும் ஓயாமல் முடிச்சு முடிச்சாக விழுகிறது. சிலிகோசிஸ் என்பது இதுவே.

இதனை எப்படி அறிந்தோம்? எலியாலும் கினிப்பன்றியாலும் முயலாலும்தான். எலியின் மூச்சுக்குழலில் சிலிக்காத் தூளை ஒருமுறை செலுத்தி ஆராய்ந்திருக்கின்றனர். பிளியோமைசின் தழும்பைப் போல இது தானாகக் கரைவதில்லை. தூள் உள்ளேயே கிடப்பதால் முடிச்சுகள் நிலைத்து, வளரவும் செய்கின்றன. பிறவற்றில் நம்மோடு ஒத்துப்போகாத எலி இந்த ஒன்றில் நம்மோடு ஒத்துப்போகிறது.

அமெரிக்காவில் சாரனாக் லேக் என்னும் ஊரில் காசநோய்க்கென்று ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அதனை நிறுவிய ட்ரூடோ என்னும் மருத்துவர் தாமும் காசநோயாளி. 1880களில் அவர் 15 முயல்களை மூன்று குழுவாகப் பிரித்தார். 5 முயல்களுக்குக் காசக் கிருமியைச் செலுத்தி ஒரு சிறு தீவில் வெயிலிலும் காற்றிலும் நல்ல தீனியோடு ஓடவிட்டார். 5 முயல்களுக்கு அதே கிருமியைச் செலுத்தி இருண்ட அடைப்பில் அரைவயிறு தீனியோடு வைத்தார். இன்னும் 5 முயல்களைக் கிருமி செலுத்தாமலே ஈரமும் இருளும் நிறைந்த குழியில் அடைத்தார். தீவில் விட்டவற்றில் ஒன்று இறந்தது, நான்கு பிழைத்தன. கிருமியோடு இருளில் கிடந்தவற்றில் நான்கு இறந்தன, ஐந்தாவதின் உடலிலும் நோய் பரவியிருந்தது. கிருமியில்லாமல் குழியில் கிடந்தவை மெலிந்தன, ஆனால் காசநோய் வரவில்லை. இருளும் பசியும் மட்டும் நோயைத் தரா, ஆனால் கிருமியோடு அவையும் சேர்ந்தால் உயிர் போகும் என்பதை அம்முயல்கள் காட்டின. இதை வகுப்பில் சொன்னபோது மழைக்காலத்தில் ஓதம் ஏறும் தன் வீட்டைப் பற்றி ஒரு பையன் பேசத் தொடங்கிவிட்டான். நாமும் தடுக்கவில்லை.

அதே சாரனாக் ஏரிக் கூடத்தில் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்ட்னர் என்பவர் கினிப்பன்றிகளுக்கு வீரியம் குறைந்த காசக் கிருமியைக் கொடுத்தார். அவை வழக்கமாக அந்நோயிலிருந்து தேறிவிடும். கருங்கல் தூசியைச் சுவாசிக்கச் செய்த கினிப்பன்றிகளிடமோ நோய் பரவிற்று. தூசி, காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி.

எம் சித்தப்பா ஒருவர் கல் குவாரியில் துளையடித்தவர். இருமல் வந்தது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். முடித்தார். மீண்டும் இருமல் வந்தது. மீண்டும் மாத்திரை. மூன்றாம் முறையும் அதுவே நடந்தது. என்ன வேலை செய்கிறாய், எத்தனை ஆண்டு செய்தாய் என்று ஒருவரும் கேட்டதாக அவர் சொன்னதில்லை. அவருக்கு இருந்தது காசநோயா, கல் தழும்பா, இரண்டுமா என்று இன்று சொல்ல வழியில்லை. எக்ஸ்ரே படங்கள் தகரப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சித்தி அவற்றைக் கிழித்து எறிந்துவிட்டார்.

ஆகவே, எலிகளைக் கொன்று என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்ட மாணவிக்கு நம் விடை இது. கண்டுபிடிக்க வேண்டியதில் ஒரு பாதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் அம்மா. விழுந்த தழும்பை அகற்றும் வழியை இன்னும் தேடுகிறார்கள். தழும்பு விழாமல் காக்கும் வழியை எலி என்றோ சொல்லிவிட்டது. கல்லை நனைத்துத் துளையிட வேண்டும், கிரஷரை மூடி நீர் தெளிக்க வேண்டும், தூசியை உறிஞ்சும் பொறி வைக்க வேண்டும். இதற்குப் புதிய மருந்து வேண்டாம். நீரும் குழாயும் முதலாளியின் சில ரூபாய்களும் போதும். வாயில் கட்டும் துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியை மட்டுமே தடுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் உண்டு. இராசத்தான் அரசு இத்தகைய நோயாளிகளுக்கு உதவி வழங்க 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது. எலி தன் பங்கைச் செய்துவிட்டு இறந்துபோயிற்று. எஞ்சிய பங்கு யாருடையது என்று மாணவர்களே சொல்லுங்கள்.

அவள் கேள்வியில் கொலை என்ற சொல்லும் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. விலங்கைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1960இல் நம் நாட்டில் சட்டம் வந்தது. ஆராய்ச்சிக் கூடங்களுக்கென்று 1998இல் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும், வலி குறைய மயக்கம் கொடுக்க வேண்டும், எண்ணிக்கை குறைய வேண்டும், வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடக்கூடாது. இந்த எண்ணத்தை ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1959இலேயே நூலாக எழுதினர். நாம் இவ்விதிகளை வரவேற்கிறோம். ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செத்த மாட்டின் தோலை உரித்தவரை ஊருக்கு வெளியே வைத்த நாடு இது. வெள்ளை அங்கி அணிந்து உயிருள்ள எலியை அறுப்பவரை அதே நாடு மேடையில் ஏற்றி மாலை போடுகிறது. மாலை போடுவது தவறென்று நாம் சொல்லவில்லை. அந்த அங்கிக்குள் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்றே சொல்கிறோம். தோலைத் தொட்ட தலைமுறையின் பேத்தி அடையாற்றுத் தோல் நிலையத்தில் ஹைட்ராக்ஸிபுரோலினை அளந்தால், அவள் அந்தப் பொருளுக்குப் புதியவள் அல்லள். இம்மாணவி உயிரியல் எடுத்துப் படிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எலியை அறுக்க மனம் வராது என்றும் சொல்கிறாள். இப்போது மனித உயிரணுக்களைத் தட்டில் வளர்த்தும், அறுவையில் அகற்றிய நுரையீரலை மெல்லிய சீவல்களாக உயிரோடு வைத்தும் ஆராய்கிறார்கள் என்று அறிவியல் ஆசிரியர் அவளிடம் சொல்லியிருக்கிறார். எந்த வழியை அவள் எடுப்பாள் என்று பார்ப்போம்.

பேச்சை முடிக்குமுன் ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் சங்கக் கட்டடத்திற்கு மார்பு நோய் மருத்துவர் ஒருவர் வர இசைந்துள்ளார். கல் குவாரியிலோ கிரஷரிலோ கிணறு வெட்டும் வேலையிலோ இருந்தவர்கள், இருப்பவர்கள் அனைவரும் வர வேண்டுகிறோம். பழைய எக்ஸ்ரே படங்கள் பெட்டியில் இருந்தால் மடக்காமல் எடுத்து வாருங்கள். மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். எந்த ஊரில், எந்தக் குவாரியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, துளையடித்தீர்களா, உடைத்தீர்களா, அரைத்தீர்களா, உடன் வேலை செய்தவர் யார் யார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் எக்ஸ்ரே படம் மட்டும் இருந்தால் மருத்துவருக்கும் பாதிதான் விளங்கும், பின்னால் இழப்பீடு கேட்கப் போனாலும் நிற்காது. எழுத இயலாதவர்க்கு நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 9 மணி முதல் வாசலில் அமர்ந்து எழுதித் தருவார்கள். அந்தப் பொறுப்பை அந்த மாணவியே ஏற்றிருக்கிறாள். முதல் தாளை அவள் தன் தகப்பனாருக்காக எழுதி நம்மிடம் கொடுத்துவிட்டாள்.